சாமி மக்களைப் பார்க்கப் போகிறேன் (கும்பிட அல்ல): பனிமான் மேய்ப்பவர் வீட்டுக்கு எப்போது, எப்படிப் போவது?

குளிர்காலப் பயணி | அக்டோபர் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோவைக்காரன், வேலை காரணமாக மூன்று ஆண்டுகளாக முனிக்கில் இருக்கிறேன். வரும் பிப்ரவரியில் எட்டு நாள் விடுமுறை கிடைக்கிறது. ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்களையும் அவர்களுடைய கலைமான் மேய்ப்பையும் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அம்மாவிடம் தொலைபேசியில் "சாமி பார்க்கப் போகிறேன்" என்றேன். "எந்தக் கோயில்?" என்று கேட்டார். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஒரு நிறுவனத்தின் தொகுப்புச் சுற்றுலாவைப் பார்த்து வைத்திருக்கிறேன். பின்லாந்தின் ரொவானியெமியில் நான்கு நாள். கிறிஸ்துமஸ் தாத்தா, ஹஸ்கி நாய் வண்டி, கண்ணாடிக் கூரை வீடு, பிறகு "சாமி கிராமத்தில்" இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் மேளம் தட்டி ஆசி வழங்குவார்களாம், நெற்றியில் கரி பூசுவார்களாம், சான்றிதழும் உண்டாம். படங்களில் எல்லோரும் நீலமும் சிவப்புமாகப் பளபளக்கிறார்கள். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வலுக்கிறது. அந்த மக்கள் இன்று உண்மையில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அறிய இதுதான் வழியா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த நாடு, எந்த மாதம், யாரிடம்?

ஒற்றையடிப்பாதை | அக்டோபர் 9, இரவு 11.05

அப்படி ஒரு தொகுப்பை நான் காசு கொடுத்து வாங்கி அனுபவித்திருக்கிறேன், நண்பரே. எனக்கு ஆசி வழங்கியவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, அவர் தென் ஐரோப்பாவிலிருந்து ஒரு பருவ வேலைக்காக வந்த கல்லூரி மாணவர் என்று தெரிந்தது. நல்ல பையன்; தவறு அவனுடையது அல்ல. உடையைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள். நான்கு முனைத் தொப்பி பாலியஸ்டர் துணி. கழுத்துப் பட்டையில் சலவைக் குறிப்புச் சீட்டுகூட அப்படியே தொங்கியது.

சில செய்திகள். ரொவானியெமி பின்லாந்தில் சாமி தாயகப் பகுதி என்று சட்டம் வரையறுத்த இடத்துக்குள் வராது. உத்ஸ்யோகி, இனாரி, எனொந்தேகியோ, சோதான்கூலாவின் வடபகுதி, இவைதான் அந்தத் தாயகம். பின்லாந்தில் மான் வளர்க்கச் சாமியாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை; மேய்ச்சல் பகுதியில் குடியிருக்கும் பின்லாந்துக்காரர்களும் வளர்க்கிறார்கள். எனவே மான் பண்ணை என்றாலே சாமி வீடு என்று நினைத்துவிடாதீர்கள். நாய் வண்டியும் அவர்களுடையது அல்ல. மந்தை மேய்ப்பவனுக்கு ஹஸ்கிக் கூட்டம் வேண்டாத விருந்தாளி. நாயைக் கண்டால் மான் ஓடும். அவர்களிடமும் நாய் உண்டு, ஆனால் மேய்ப்பு நாய். பனிக்கட்டி வீடு இன்யூட் மக்களுடையது, வேறு கண்டம்.

அந்த ஏமாற்றத்தோடு மறுநாள் பஸ் பிடித்து வடக்கே இனாரிக்குப் போனேன். ஏரிக்கரையில் சீடா என்ற சாமி அருங்காட்சியகம். ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதை 2024இல் பெற்றது அதுதான். ஹெல்சிங்கியில் தேசிய அருங்காட்சியகம் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்துவைத்திருந்த சாமிப் பொருள்கள் 2021இல் இங்கே திருப்பி ஒப்படைக்கப்பட்டன. பக்கத்திலேயே பின்லாந்துச் சாமி நாடாளுமன்றம் இருக்கும் சாயோஸ் கட்டடம். சுற்றுலா எப்படி நடக்க வேண்டும் என்று அந்த மன்றம் 2018இல் நெறிமுறைகளை வெளியிட்டது. படித்துப் பார்த்தால் நான் நெற்றியில் பூசிக்கொண்ட கரி ஏன் அவமானம் என்று விளங்கும்.

மீனாட்சிசுந்தரம் | அக்டோபர் 10, காலை 6.15

பொருளுக்குள் போகுமுன் சொல்லைச் சரிசெய்வோம். இழையைத் தொடங்கியவர் கலைமான் என்கிறார். செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் பழந்தமிழில் கலை என்றால் ஆண்மான்; பெண்ணுக்குப் பிணை என்று பெயர். இந்த வடபுல மானிலோ பிணைக்கும் கொம்பு உண்டு. மான் குடும்பத்தில் வேறெங்கும் இது வழக்கமில்லை. கொம்பைப் பார்த்துக் "கலை" என்று சொல்லும் நம் வழக்கம் அங்கே செல்லாது. பனிமான் என்போம்.

வடமுனை | அக்டோபர் 10, மாலை 7.30

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிடாய்கள் இணைசேரும் பருவம் முடிந்து குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். சினைப் பிணைகள் வசந்தத்தில் கன்று ஈனும்வரை வைத்திருக்கும். கடுங்குளிரில் பனியைத் தோண்டிக் கண்ட தீனிக் குழியைக் காப்பாற்றிக்கொள்ள அவற்றுக்குத்தான் கொம்பு தேவை. கிறிஸ்துமஸ் அட்டைகளில் கொம்போடு வண்டி இழுப்பவை பெரும்பாலும் பெண்கள், அல்லது காயடித்த ஆண்கள் என்று எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் ட்ரோம்ஸோவில் இருக்கிறேன். பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது நோர்வேயின் பின்மார்க் கரையில். 1980களில் எங்கள் ஆட்கள் பலர் அங்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். அப்பா அவர்களில் ஒருவர். பாடசாலையில் பக்கத்து இருக்கைப் பிள்ளை சாமி. நான் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கப் போவதை அவளுடைய அம்மம்மா அதிசயமாகக் கேட்பார். அவர் விடுதிப் பாடசாலையில் தன் மொழி கதைத்ததற்காகத் தண்டனை வாங்கியவர். வகுப்பில் நோர்வேஜிய மொழி மட்டுமே என்று 1898இல் அரசு கட்டளை போட்டிருந்தது. அதன் பிடி விட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1997இல் மன்னர் ஹரால்ட் மன்னிப்புக் கேட்டார். நாடாளுமன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024 நவம்பரில்.

தம்பி, முதலில் ஒரு கணக்கு. சாமி மக்கள் நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா குடாநாடு என்று நான்கு நாடுகளில் பரந்திருக்கிறார்கள். தங்கள் நிலம் முழுவதையும் சாப்மி என்கிறார்கள். மொத்தம் எண்பதாயிரம் பேர் அளவில் என்பது வழக்கமான மதிப்பீடு, நோர்வேயில்தான் அதிகம். இவர்களில் மான் மேய்ப்பை நம்பி வாழ்பவர் ஏறக்குறைய பத்தில் ஒருவர். மற்றவர்கள் மீனவர், ஆசிரியர், தாதி. எனது பல் வைத்தியர் ஒரு சாமி. பனிமானோடு தனக்குள்ள உறவு தட்டில் மட்டும்தான் என்பார். எனவே "உண்மையான சாமி" என்றால் கூடாரமும் மானும் என்று தேடாதீர்கள். கடற்கரைச் சாமிகள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தவர்கள்.

மேய்ப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால், மாதத்தைப் பொறுத்து நீங்கள் பார்ப்பது முற்றிலும் வேறாகும். அவர்களுக்கு ஆண்டில் எட்டுப் பருவம். நம் ஆறை விட இரண்டு கூட. குளிர்காலத்தில் மந்தை உள்நாட்டு மேட்டுநிலத்தில் பனிக்கடியில் உள்ள தீனியைத் தோண்டித் தின்னும். ஏப்ரலில் சினைப் பிணைகள் கரையை நோக்கிப் புறப்படும். மேய்ப்பவன் பின்னால் போவான். மே மாதம் கன்று. கோடையில் கன்றுக்குக் காது வெட்டும் வேலை. அது முழுக்க முழுக்க குடும்ப வேலை, இரவெல்லாம் நடக்கும், சூரியன்தான் மறையாதே. நோர்ட்காப் இருக்கும் மாகெரோயா தீவில் கோடையைக் கழிக்கும் மந்தைகள் இலையுதிர்காலத்தில் நீரிணையை நீந்தித் திரும்பும். பிறகு அறுப்பு, பிரிப்பு.

பெப்ரவரி கெட்ட மாதம் அல்ல. 6ஆம் திகதி சாமி தேசிய நாள். 1917இல் அதே நாளில் த்ரொன்ட்ஹைமில் எல்லை தாண்டிக் கூடிய முதல் மாநாட்டின் நினைவு. அந்த வாரம் ட்ரோம்ஸோவின் பிரதான வீதியிலேயே பனிமான் ஓட்டம் நடக்கும். சுவீடனின் யொக்மொக் ஊரில் 1605 முதல் நடக்கும் குளிர்காலச் சந்தையும் பெப்ரவரித் தொடக்கத்தில்தான். ஆனால் குளிரை விளையாட்டாக எடுக்காதீர்கள். காராஷோக்கில் 1886இல் பதிவான மைனஸ் 51.4 இன்றும் நோர்வேயின் சாதனை. அவ்வளவு இப்போது வராது. மைனஸ் 30 வரும்.

என்னைக் கேட்டால் மார்ச் கடைசி, ஏப்ரல். வெளிச்சம் நீண்டிருக்கும், பனி இறுகியிருக்கும். நோர்வேயின் கௌத்தோகெய்னோவுக்குப் போங்கள். ஊரில் பெரும்பான்மையர் வீட்டில் பேசுவது சாமி மொழி. ஈஸ்டர் நேரமென்றால் திருமணம், ஓட்டம், பாட்டுப் போட்டி எல்லாம் ஒன்றாக நடக்கும். காக்தி என்ற அவர்களுடைய மரபு உடை அப்போது மேடைக்கானது அல்ல, அவரவர் வீட்டு விசேஷத்துக்கானது. கரை வேலைப்பாட்டைப் பார்த்தே எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள். தேவாலய வாசலில் நின்று முகத்துக்கு நேரே கமராவை நீட்டாதீர்கள். உங்கள் தங்கையின் கலியாணத்தில் ஒருவர் அப்படிச் செய்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டு விஷயம் கேட்கவே வேண்டாம். "உங்களிடம் எத்தனை மான்?" என்பது ஒன்று. அது வங்கிக் கணக்கில் எவ்வளவு என்று கேட்பதற்குச் சமம். "லாப்" என்ற பழைய பெயர் மற்றொன்று; வரைபடத்தில் லாப்லாந்து இருக்கட்டும், மனிதரைப் பார்த்துச் சொன்னால் வசை.

தயிர்சாதம் | அக்டோபர் 11, மதியம் 1.20

அக்கா, நான் சைவம். முட்டைகூட இல்லை. அங்கே போனால் பட்டினியா? மான் என்ன தின்கிறது என்பதையாவது சொல்லுங்கள், அதையே தின்று பார்க்கிறேன்.

வடமுனை | அக்டோபர் 11, மாலை 6.50

தின்னலாம், ஏற்கனவே தின்றிருப்பீர்கள். குளிர்காலத்தில் அது தின்பது லைக்கன். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான், இனம் வேறு. மானுக்கு அது முழுச் சாப்பாடு.

உங்களுக்கு உருளைக்கிழங்கு, ரொட்டி, கிளவுட்பெரி ஜாம், பாலாடைக்கட்டி கிடைக்கும். காப்பிக்குள்ளேயே பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு ஊறவைத்துத் தின்பார்கள். சுவீடன், பின்லாந்துப் பக்கத்தில் அதிகம். கடைகளில் தயிர் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மந்தையை வைத்து வாழும் வீட்டில் போய் உட்கார்ந்த பிறகு இறைச்சித் தட்டைத் தள்ளிவைத்து அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். சைவம் பற்றிய சொற்பொழிவும் வேண்டாம். சுற்றுலாவுக்காக நாலு மானைத் தடவி முத்தம் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டில் அதே இறைச்சி என்றதும் அழுத பயணிகளை இங்கே நிறையவே கண்டிருக்கிறோம்.

மீனாட்சிசுந்தரம் | அக்டோபர் 12, காலை 6.05

1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் இந்த இறைச்சியைக் குழி தோண்டிப் புதைத்ததாகப் படித்த நினைவு. லைக்கன் என்றதும் அதுதான் ஞாபகம் வருகிறது. இப்போது உண்ணத் தக்கதா?

வடமுனை | அக்டோபர் 12, இரவு 8.15

நினைவு சரி, ஐயா. லைக்கனுக்கு வேர் இல்லை. மழையிலும் காற்றிலும் வருவதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். விபத்தில் வெளிவந்த கதிரியக்கச் சீசியம் மழையோடு இறங்கியது, லைக்கனில் தங்கியது, மானுக்குள் போயிற்று. தென் சாமிப் பகுதிகளும் சுவீடனின் சில மாவட்டங்களும் கடுமையாக அடிபட்டன. அந்த ஆண்டு நவம்பரில் நோர்வே அரசு பனிமான் இறைச்சிக்கான கதிரியக்க வரம்பைக் கிலோவுக்கு 6000 பெக்கரலாக உயர்த்தியது. இல்லாவிட்டால் தொழிலே அற்றுப்போயிருக்கும். அடிபட்ட பகுதிகளில் அறுப்புக்கு முன் உயிருள்ள மானையே அளந்து பார்த்து, அதிகம் இருந்தால் சில வாரம் வேறு தீனி கொடுத்து இறக்கும் வழக்கம் வந்தது. கடையில் விற்பது அளவுக்கு உட்பட்டதுதான்.

எதிர்க்காற்று | அக்டோபர் 13, இரவு 10.10

எல்லாம் சரி. அடிப்படையில் ஒரு கேள்வி. மனிதர்களைப் பார்க்கப் போவதே அநாகரிகம் இல்லையா? தொடங்கியவர் ஜெர்மனியில் இருக்கிறார். அதே நாட்டில், ஹாம்பர்கில், ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1870களில் சாமிக் குடும்பத்தை மான்களோடு கொண்டுவந்து வேலிக்குள் உட்காரவைத்துக் கட்டணம் வசூலித்தார். நீங்கள் இப்போது வேலியை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறீர்கள். கூடவே ஒரு சிறு குறும்பு: பாவம் மேய்ப்பர்கள் என்று உருகுகிறவர்கள், அவர்கள் காற்றாலைக்கு எதிராக வழக்குப் போடுவதையும் சொல்லுங்கள். பூமி சூடாவதால் அவர்களுக்குத்தானே முதல் அடி?

வடமுனை | அக்டோபர் 13, இரவு 11.40

முதல் கேள்வி நியாயமானது. என்னிடம் இருப்பது அரைப் பதில்தான்: யார் விலை வைக்கிறார், யார் வாசற்கதவைப் பூட்டுகிறார் என்று பாருங்கள். ஹாம்பர்கில் சாவி வியாபாரியிடம் இருந்தது. கௌத்தோகெய்னோவில் அது வீட்டுக்காரியிடம் இருக்கிறது; அவருக்கு நேரமில்லை என்றால் உங்களை வரவேண்டாம் என்பார்.

இரண்டாவதற்குக் குறும்பு என்று பெயர் வேண்டாம். நோர்வேயின் ஃபோசென் தீபகற்பத்தில் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகளை நட்டார்கள். வழக்கு நடக்கும்போதே கட்டி முடித்தார்கள். 2021 அக்டோபர் 11 அன்று உச்சநீதிமன்றம் அந்த உரிமம் செல்லாது, மேய்ப்பர்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது என்றது. பிறகும் விசிறிகள் சுழன்றன. 500 நாள் கழித்து இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சகத்துக்குள் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், இழப்பீட்டு உடன்பாடு வந்தது, விசிறிகள் இன்னும் நிற்கின்றன. வெப்பத்தால் ஒரு அடி, வெப்பத்தைத் தடுக்கிறோம் என்று வந்தவர்களால் இன்னொரு அடி. இரண்டையும் ஒரே முதுகு வாங்குகிறது.

எதிர்க்காற்று | அக்டோபர் 14, காலை 8.00

வழக்கு நடக்கும்போதே கட்டினார்கள் என்பது எனக்குத் தெரியாது. குறும்பு என்றதைத் திரும்பப் பெறுகிறேன். முதல் கேள்வியை அப்படியே வைத்திருக்கிறேன்.

குளிர்காலப் பயணி | அக்டோபர் 19, இரவு 9.00

தொகுப்பைக் கைவிட்டேன். விடுமுறையை ஏப்ரல் தொடக்கத்துக்கு மாற்றியாயிற்று. கௌத்தோகெய்னோ பக்கம் ஒரு மேய்ப்பர் குடும்பம் மூன்று அறை வைத்து விருந்தினரை ஏற்கிறது. மின்னஞ்சலில் வந்த பதிலின் கடைசி வரி: "மந்தையைக் காட்டுவோம் என்று உறுதி தர இயலாது. அதை மந்தைதான் முடிவு செய்யும்." போய்வந்து எழுதுகிறேன்.

குளிர்காலப் பயணி | ஏப்ரல் 16, இரவு 10.30

சொன்னபடி எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனிக், ஓஸ்லோ, அங்கிருந்து ஆல்தா. ஆல்தாவிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டர் பஸ். வழியில் ஆற்றின் பள்ளத்தாக்கு. அந்த ஆற்றுக்குக் குறுக்கே அணை வேண்டாம் என்று 1979இல் ஓஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு முன் கூடாரமடித்துச் சாமி இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள் என்று முன்பே படித்திருந்தேன். அணை கட்டப்பட்டது. ஆனால் அந்தச் சண்டையின் விளைவாகத்தான் 1987இல் சாமிச் சட்டமும் 1989இல் காராஷோக்கில் சாமி நாடாளுமன்றமும் வந்தன. பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பையன் கைபேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். காக்தி அல்ல, தொழிலாளர் அணியும் ஒளிரும் மேல்கோட்டு. முற்றத்தில் மூன்று பனி ஊர்தி, ஒரு டிராக்டர், தீனி மூட்டை அடுக்கு. வேலிக்குள் பழக்கிய மான்கள் ஏழெட்டு. விருந்தினர் பார்ப்பதற்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் அவைதான். பையில் லைக்கனைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். தலையில் தடவப் போன கையைப் பிடித்து நிறுத்தினார். தலையையும் கொம்பையும் தொட்டால் அதற்குப் பிடிக்காதாம். நடக்கும்போது காலிலிருந்து "டக், டக்" என்று ஒரு சத்தம். முட்டு தேய்ந்த கிழவியின் நடைபோல. குளம்பருகில் தசைநாண் எலும்பின்மேல் வழுக்குவதால் வருகிறதாம். மூடுபனியில் மந்தை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு போக அது உதவும் என்றார்.

மறுநாள் பனி ஊர்தியில் மேட்டுநிலத்துக்குப் போய் மந்தையைப் பார்ப்பதாக இருந்தது. காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, "இன்று சுற்றுலா இல்லை" என்றார். பக்கத்து மேய்ச்சல் குழுவின் மந்தை இரவில் இவர்களுடையதோடு கலந்துவிட்டதாம். கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் கட்டிய மான்கள் கைபேசித் திரையில் புள்ளிகளாகத் தெரிந்தன. புள்ளிகள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தன. குளிர்காலத்தின் நடுவில் ஒருமுறை மழை பெய்து உறைந்து, தரையோடு பனிக்கட்டித் தகடு படிந்துவிட்டது. தோண்ட முடியாமல் மான் தீனி தேடி அலைகிறது, அலைந்தால் கலக்கிறது. பனிக்கடியில் தீனி எட்டுகிறதா இல்லையா என்ற நிலைமைக்கே அவர்கள் மொழியில் குவொஹ்துன் என்று ஒரு சொல் இருக்கிறது. அன்று முழுக்க அந்தச் சொல்லைத்தான் கேட்டேன்.

இரண்டு குழுவும் சேர்ந்து மந்தையைப் பட்டிக்குள் ஓட்டிப் பிரிக்க வேண்டும். ஆள் குறைவு. என்னைப் பார்த்து, "நகராமல் நிற்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களில் அதுவும் ஒன்று.

வேலை இதுதான். நீளமான சாக்குத்துணியைப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் பிடித்துச் சுவர் போல நிற்க வேண்டும். மான் அந்தச் சுவரைத் தாண்டாது, கைக்குட்டை கனமே உள்ள துணிதான் என்றாலும். சுவர் மெல்ல நகர, ஒரு கூட்டம் பெரிய மந்தையிலிருந்து பிரிந்து சிறிய பட்டிக்குள் போகும். உள்ளே போனதும் அவை வட்டமாக ஓடத் தொடங்கும், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். நடுவில் நிற்பவர்கள் ஓடும் மானின் காதைப் பார்த்து யாருடையது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவு செய்த வெட்டுக்குறி. இரண்டு காதிலும் கத்தியால் கீறிய வளைவு, முனை, துளை ஆகியவற்றின் சேர்க்கை. எனக்கு எல்லாம் கிழிந்த காது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பெயர் பெயராகக் கத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கூட்டம் வரும்போது ஒளி அருமையாக விழுந்தது. மூச்சுப் புகை, கொம்புக் காடு, பின்னால் இளஞ்சிவப்பு வானம். கைபேசிக்காக ஒரு கையை விட்டேன். என் பக்கத்துத் துணி ஒரு சாண் தாழ்ந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு சாண் வழியாக நாற்பது மான்கள், எல்லாம் பெரிய மந்தைக்கே திரும்பிவிட்டன. அரை மணி நேர உழைப்பு. யாரும் திட்டவில்லை. ஒரு முதியவர் வந்து என் கையிலிருந்த துணி முனையை வாங்கி, அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார். என்னைத் தீனி மூட்டை பிரிக்க அனுப்பினார்கள். படமும் மங்கலாகத்தான் வந்திருக்கிறது.

மாலையில் வீட்டில் பிதோஸ். இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு, திருமணத்துக்கும் அதுதான். மசாலா என்று ஒன்றுமில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது, இரண்டாம் தட்டுக்கு அப்படி இல்லை. என்னோடு தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவர் அக்கா எச்சரித்த கேள்வியைக் கேட்டேவிட்டார்: "மொத்தம் எத்தனை மான்?" மேசை அமைதியானது. வீட்டுக்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, "மரத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கின்றன, அந்தப் பக்கமும் இருக்கின்றன" என்றார். ஊரில் இது பழைய பதிலாம்.

நானும் ஒரு கேள்வி கேட்டேன், அதுவும் சறுக்கல்தான். அவருடைய தாயாரிடம் யோய்க் பாடிக் காட்ட முடியுமா என்றேன். யோய்க் என்பது ஒருவரைப் பற்றிய பாட்டு அல்ல, அந்த ஆளையே குரலில் கொண்டுவருவது என்றெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். அந்த அம்மா பணிவாகத் தலையசைத்து மறுத்துவிட்டார். பிறகு மகன் சமையலறையில் விளக்கினார். வீட்டில் லெஸ்தாடியஸ் என்ற போதகரின் வழி வந்த பக்தி. 1840களில் சுவீடன் எல்லைப்புறத்தில் தொடங்கிய மறுமலர்ச்சிக் கிறிஸ்தவம். குடியை ஒழித்தது, யோய்க்கையும் பாவத்தின் கணக்கில் எழுதியது. அம்மா பாடமாட்டார். மகனோ பனி ஊர்தியில் போகும்போது தலைக்கவசத்துக்குள் பாடுவார். "எஞ்சின் சத்தத்தில் அம்மாவுக்கும் கேட்காது, ஆண்டவருக்கும் கேட்காது" என்றார்.

கடைசி நாள் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். தீனி வாங்க வேண்டிய ஆண்டுகளில் அறுப்பு வருமானம் மூட்டைக்கே போகிறது. வால்வெரின், லின்க்ஸ் போன்ற வேட்டை விலங்குகள் கொல்லும் மான்களில் இழப்பீடு கிடைப்பது ஒரு பகுதிக்குத்தான். மூன்று அறைகளைக் கட்டியது அதனால். "விருந்தினரைப் பிடிக்குமா?" என்றேன். யோசித்தார். "தீனி மூட்டை பிரிப்பவர்களைப் பிடிக்கும்" என்றார்.

எதிர்க்காற்று | ஏப்ரல் 17, காலை 7.45

கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். நன்றி. அந்த மங்கலான படத்தைப் போடுங்கள்.

ஒற்றையடிப்பாதை | ஏப்ரல் 17, காலை 9.20

நினைவுப் பொருள் ஏதாவது வாங்கினீர்களா? போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: "சாமி துவோட்ஜி" என்ற முத்திரை 1982 முதல் இருக்கிறது, சாமி கைவினைஞர் செய்தது என்பதற்கான அடையாளம். பிர்ச் மரக் கழலையில் குடைந்த குக்ஸிக் கோப்பை விலை அதிகம், ஆனால் பேரனுக்கும் வரும். விமான நிலையத்தில் விற்பது எந்திரத்தில் கடைந்தது.

குளிர்காலப் பயணி | ஏப்ரல் 17, இரவு 9.10

கோப்பைதான் வாங்கினேன், முத்திரையோடு. அம்மாவிடம் காட்டினேன். "கோயில் எப்படி இருந்தது?" என்றார், இந்த முறை வேண்டுமென்றே. படத்தைப் போடமாட்டேன், அதில் அந்தச் சிறுமியின் முகம் இருக்கிறது, கேட்காமல் எடுத்தது.

வடமுனை | ஏப்ரல் 17, இரவு 11.00

தம்பி, துணியை விட்டதற்காகக் கவலைப்படாதீர்கள். எனக்கும் பன்னிரண்டு வயதில் அதே வேலை கொடுத்தார்கள், அதே போல விட்டேன். என் தோழியின் அப்பா இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் மேசை விரிப்பை என் கையில் கொடுத்து, "கெட்டியாகப் பிடி" என்பார்.

தயிர்சாதம் | ஏப்ரல் 18, மதியம் 12.40

அடுத்த ஏப்ரலுக்கு நான் போகிறேன், முடிவு செய்துவிட்டேன். ஒரே சந்தேகம். பிதோஸிலிருந்து இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கிழங்கும் கேரட்டும் தருவார்களா?

குளிர்காலப் பயணி | ஏப்ரல் 18, மாலை 6.00

முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தனிச் சட்டியில் வேகவைத்துத் தருவார்கள். சாக்குத்துணியைப் பற்றியும் எழுதிவிடுங்கள்: இரண்டு கையும் காலியாக வருகிறேன் என்று.